தானாக மணியடிக்கும் பச்சை சைக்கிள்

என் அக்கா மகள் கைத்தொலைபேசியில் எதையாவது வாங்கிக்கொண்டே இருப்பவள். போன மாதம் ஒரு மாலை, பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைக் காட்டினாள். இணைய ஏலத்தில் ஒரு பழைய பீங்கான் பொம்மை. ஒரு கண் மூடாது போலிருக்கிறது. “இதற்குள் ஒரு சிறுமியின் ஆவி குடியிருக்கிறது” என்று விற்பவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே பொடி எழுத்தில், “ஆவிக்கு உத்தரவாதம் கிடையாது, பொழுதுபோக்குக்கு மட்டும்” என்றும் இருந்தது. அப்படியும் நிறையப் பேர் விலை கேட்டிருந்தார்கள்.

“சின்னம்மா, இப்படியெல்லாம் விக்கலாமா? சட்டம் ஒத்துக்குமா?” என்றாள்.

அவள் சும்மா கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதே கேள்வியை ஒரு வழக்கறிஞர் கேட்டு, எங்கள் முதலாளி பதில் தெரியாமல் தாடியைச் சொறிந்தபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். அந்தக் கேள்வி கிளம்பக் காரணமே நான்தான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்ததற்கு மறு வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு காஜா பெராங்கில், வேலை மலாக்கா டவுனில் ஒரு ஏலக் கடையில். ஏலம் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். லெலோங் என்றால்தான் கூட்டம் கூடும். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன ஐஸ் பெட்டி, பியானோ, புல் வெட்டும் இயந்திரம், கரடிப் படம் போட்ட குழந்தைத் தொட்டில் எல்லாம் எங்கள் கிடங்குக்குத்தான் வரும்.

முதலாளி டவுனில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். தமிழ், மலாய், ஹொக்கியன் சீனம், இங்கிலீஷ் நான்கிலும் ஒரே வேகத்தில் விலை கூவுவார். எந்த மொழியில் கேட்டோம் என்று யோசித்து முடிப்பதற்குள் சாமான் நம் தலையில் கட்டப்பட்டிருக்கும். மற்றபடி நல்ல மனிதர். வேலைக்கு வந்த முதல் வாரமே என் மேசைக்கு மேலே தனியாக ஒரு காற்றாடி மாட்டிக் கொடுத்தார்.

நான் அங்கே டைப்பிஸ்ட். ஏலத்துக்கு வரும் சாமான்களின் பட்டியலை அடிப்பது என் வேலை. “அலமாரி, தேக்கு, ஒன்று. கண்ணாடியில் கீறல்.” இப்படியே ஆறு மாதம் அடித்தால் யாருக்குத்தான் சலிப்பு வராது? நூலகத்தில் நாவல் எடுத்துப் படிக்கிற பழக்கம் வேறு. கை துறுதுறுத்தது. அலமாரி ஒருநாள் “கம்பீரமான அலமாரி” ஆனது. அடுத்த வாரம் ஒரு சாதாரண விளக்கை “பல இரவுகளைப் பார்த்த விளக்கு” என்று அடித்தேன். முதலாளி படித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார். விளக்கு நல்ல விலைக்குப் போனதும் எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அந்த பிஸ்கட்தான் என்னைக் கெடுத்தது.

புக்கிட் பாருவில் ஒரு துரை வீட்டைக் காலி செய்தார்கள். மேம் தன் கையாலேயே பென்சிலில் பட்டியல் எழுதி அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ஆண்கள் சைக்கிள், பச்சை நிறம், பின்னால் கேரியர் உண்டு. மணி தானாக அடிக்கும், நிஜமாகத்தான்!

சாமான் ஏற்றிவந்த லாரி டிரைவரிடம் விசாரித்தேன். “ஆமாம்மா. அந்த வீட்டுத் தோட்டக்காரர் ஓட்டுன சைக்கிள். போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டாரு. அதுலேர்ந்து சாயங்காலமானா மணிச் சத்தம் கேக்குமாம். மேமே கேட்டிருக்காங்களாம்” என்றார்.

எனக்கு அது போதும். இயந்திரத்தில் தாளைச் செருகி, “மறைந்த தோட்டக்காரரின் ஆவி மாலைதோறும் வந்து மணியடிக்கும் பச்சை சைக்கிள்” என்று அடித்து முதலாளி முன் வைத்தேன்.

“இது என்ன புள்ள?”

“மேம் எழுதிக் குடுத்தது, முதலாளி.”

“மேம் இவ்வளவும் எழுதினாங்களா?”

“கொஞ்சந்தான் எழுதினாங்க.”

அவர் தாளை இன்னொரு தடவை படித்தார். “பேயை விக்கிறது நம்ம மார்க்கத்துல ஆகாது” என்றார். மேலே சுழன்ற காற்றாடியை அண்ணாந்து பார்த்தார். “சைக்கிள் விக்கலாம்.” தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “வாசப் போர்டுலயும் எழுதிப் போடு. பெருசா எழுது.”

ஏலத்தன்று கிடங்கு தாங்காத கூட்டம். எங்கள் தெருப் பக்கத்தில் மலாய் மட்டுமே பேசும் மலாக்கா செட்டி வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து, “பேய் எங்கே? முன் சக்கரத்திலா, பின் சக்கரத்திலா?” என்று மலாயில் என்னிடம் கேட்டார்கள். நான் பெரிய நிபுணர் மாதிரி, “மணியில்” என்றேன். ஒருத்தி சைக்கிளை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அக்காவைக் கவனித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். துவைத்துத் துவைத்து நிறம் போன நீலச் சேலை. மற்றவர்கள் மணியைப் பார்த்தார்கள். அவர் பின்னாலிருந்த கேரியரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வேறு எந்தச் சாமானையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“பாத்து அக்கா, பயமா இல்லையா?” என்று சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி கேரியர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏலம் தொடங்கியதும் முதலில் கை தூக்கியவர் அவர்தான். ஐந்து வெள்ளி. யாரோ ஏழு என்றார்கள். அவர் மறுபடி தூக்கினார். பதினைந்து வரைக்கும் விடாமல் வந்தார். பிறகு அந்தக் கை உயரவே இல்லை. அதற்குமேல் போட்டி, மரக்கடைச் சீனத் தௌக்கே ஒருவருக்கும் கிளேபாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழருக்கும். முதலாளி நான்கு மொழியிலும் பேயைப் புகழ்ந்தார். கடைசியில் கடைக்காரர் வென்றபோது, அந்த விலைக்கு அதே மாதிரிப் பழைய சைக்கிள் மூன்று வாங்கியிருக்கலாம். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். திரும்பிப் பார்த்தால் நீலச் சேலை அக்கா இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கடைக்காரர் வந்தார். வாட்டசாட்டமான ஆள். ஆனால் முகம் செத்துப் போயிருந்தது.

“முதலாளி, எங்க என் பேய்?”

“என்ன, தொலைஞ்சு போச்சா?”

“வரவே இல்லங்கிறேன்! கடைக்கு நாலு பேர் வருவாங்கன்னுதானே வாங்கினேன். சுவத்துல மாட்டி வச்சிருக்கேன். தினமும் சாயங்காலம் ஆளுங்க வந்து ஒரு கோப்பி வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்குறாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட அடிக்கல. என்னைக் கேலி பண்ணிட்டுப் போறாங்க.”

“புது இடம். பழக வேணாமா?”

“சைக்கிளக் குடுத்தீங்க. போர்டுல போட்டதக் குடுக்கல. பாதிச் சாமான்தான் வந்திருக்கு. பணத்த எடுங்க.”

முதலாளி சிரித்து அனுப்பிவிட்டார். மறு வாரம் சிரிப்பு போய்விட்டது. கடைக்காரர் வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியிருந்தார். விற்ற பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்தவில்லை என்று அழகான இங்கிலீஷில் இரண்டு பக்கம். அதோடு நான் அடித்த வரியையும் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். என் வரியை அச்சடித்தாற்போலப் பார்த்த பெருமை, கடிதத்தின் அடுத்த வரி வரைக்கும்கூட நிற்கவில்லை.

முதலாளி தனக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் போனார். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

“பேய் இருக்குன்னு சொல்லப் போறீங்களா, இல்லேன்னு சொல்லப் போறீங்களா?” என்று கேட்டார் வழக்கறிஞர்.

“எது நல்லது?”

“ரெண்டும் கஷ்டம். இல்லேன்னு சொன்னா, அப்ப ஏன் போர்டுல போட்டேன்னு கேப்பாங்க. அது ஏமாத்து வேலை. இருக்குன்னு சொன்னா நிரூபிக்கணும்.”

“நிரூபிச்சிட்டா?”

“நிரூபிச்சிட்டா இன்னொரு கேள்வி வரும். செத்துப்போன மனுஷனை விக்க உங்களுக்கு யார் உரிமை குடுத்தது?”

முதலாளி அப்போதுதான் தாடியைச் சொறிந்தார். கடைசியில் வழக்கறிஞரே ஒரு வழி சொன்னார். அந்த வீட்டில் வேலை செய்த யாராவது, மணி தானாக அடித்ததைத் தாங்கள் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாங்கள் நம்பித்தான் எழுதினோம் என்றாவது வாதாடலாம். மேம் கப்பலில் இருந்தார். சமையல்காரம்மா ஒருவர் இருந்ததாக லாரி டிரைவர் சொன்னார். வீடு எங்கே என்று கேட்டால், காஜா பெராங்காம். எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி.

சனிக்கிழமை மதியம், டைப் அடித்த வாக்குமூலத்தோடு போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். துரை வீட்டு வேலை போனபிறகு அக்கம்பக்கத்துத் துணிகளை வாங்கித் தேய்த்துக் கொடுக்கிறாராம். நிமிர்ந்தார். அதே நீலச் சேலை அக்கா.

வந்த விஷயத்தை எப்படியோ சொல்லி, வாக்குமூலத்தைத் தமிழில் படித்தும் காட்டினேன். மணி தானாக அடித்ததை என் இரு காதாலும் கேட்டேன் என்று முடியும் அது. அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார்.

“யாரு எழுதினது இது?”

“நான்தான்கா.”

“போர்டுல இருந்ததும்?”

“அதுவும்தான்.”

“நல்லா எழுதுறே” என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. “தங்கச்சி, அந்தத் தோட்டக்காரர் என் வீட்டுக்காரரு. அந்தப் பேய் நான்தான்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“வேல முடிஞ்சா சைக்கிளக் குசினி வாசலுக்குத் தள்ளிட்டு வந்து ரெண்டு தடவ அடிப்பாரு. நான் கையக் கழுவிட்டு வந்து பின்னால ஏறிக்குவேன். புக்கிட் பாருலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வருவோம். அவர் போனப்புறம் சைக்கிள் காடி நிறுத்துற கொட்டாயில நின்னுச்சு. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புறப்ப அதத் தாண்டித்தான் நடந்து வரணும். சும்மா தாண்டிப் போக மனசு வரல. ரெண்டு தடவ அடிச்சிட்டு வருவேன். அவ்வளவுதான்.”

“மேம் பாக்கலையா?”

“அவங்க மாடியில. ஒருநாள் வெளுத்துப் போய் எறங்கி வந்து, நீயும் கேட்டியான்னு கேட்டாங்க. கேட்டேன்னேன். பொய்யில்லையே.”

“உண்மைய சொல்லியிருக்கலாமேக்கா?”

“சொன்னா இனிமே அடிக்காதேன்னுருவாங்க.”

வெளியே ஐஸ்காரர் கூவிக்கொண்டு போனார். அக்கா வாக்குமூலத்தை மடித்து என் கையில் கொடுத்தார். “மணி அடிச்சது உண்மை. அத எழுதிக்க, கையெழுத்துப் போடறேன். தானா அடிச்சதுன்னு மட்டும் எழுதாத.”

அன்று சந்துக்குள் நடந்து வந்தபோது என் செருப்புச் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வெள்ளியோ ஏழு வெள்ளியோ கொடுத்து அவர் எடுத்துப்போயிருக்க வேண்டிய சைக்கிள். அதற்கு எட்டாத விலை வைத்தது கடைக்காரரும் இல்லை, முதலாளியும் இல்லை. நான் கூடுதலாக அடித்த அரை வரி. அதுவும் அவரிடமே போய், பயமா இல்லையா என்று பல்லைக் காட்டியிருக்கிறேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று தயாராகத்தான் போனேன். அவர் திட்டவில்லை. பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி, “அந்தப் புள்ளையோட வீட்டுக்காரரையா நான் நாலு பாஷையில கூவி வித்தேன்?” என்றார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்தார். “பணத்தத் திருப்பிக் குடுத்து சைக்கிள எடுத்துட்டு வந்துருவோம். அந்தம்மாவையும் கூப்பிடு.”

அன்று மாலையே மூவரும் அவருடைய பழைய ஆஸ்டின் காரில் கிளேபாங் போனோம். அக்கா பின் இருக்கையில், கண்ணாடி வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடையை நெருங்கினால் உட்கார இடமில்லை. சுவரில் பச்சை சைக்கிள், ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“முதலாளி! அந்த லெட்டர மறந்துடுங்க. தப்பு என்னுது. போன வியாழக்கெழம வந்துட்டாரு!”

“யாரு?”

“அவருதான்! ரெண்டு தடவ அடிச்சாரு. இவங்கல்லாம் சாட்சி.”

மேசைக்கு மேசை தலைகள் ஆடின. கடற்காற்றோ, கை சும்மா இருக்காத ஒரு குறும்புக்காரனோ, எனக்குத் தெரியாது. முதலாளி என்னைப் பார்த்தார். வழக்கு தானாகச் செத்துவிட்டது. அவர் நினைத்திருந்தால் ஒரு கோப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் அக்கா சைக்கிளிடம் போய்விட்டார்.

“அவரு வரலீங்க. துரை வீட்டுல அடிச்சது நான்” என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். கடை முழுக்கக் கேட்டது. தான் யார், ஏன் அடித்தார் என்று நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

யாரும் நம்பவில்லை! “இல்லம்மா, நானே கேட்டேன்” என்றார் ஒருவர். “அங்க நீங்க அடிச்சிருப்பீங்க, இங்க அவருதான் அடிக்கிறாரு” என்று இன்னொருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அக்கா அவர்களோடு வாதாடவில்லை. கையை உயர்த்தி, மல்லிகைச் சரத்தை ஒதுக்கி, மணியை இரண்டு தடவை அடித்தார். சின்னதாக, அடுத்தடுத்து.

கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

“இதே சத்தந்தான்” என்றார் கடைக்காரர், மெதுவாக. வாதத்துக்காகச் சொன்ன மாதிரி இல்லை. அவர் கண்கள் அக்காவின் கையிலேயே இருந்தன. “நீங்க லெலோங்ல மொத ஆளா கை தூக்குனவங்கதானே?”

“ஆமா.”

“அப்ப நான் பேயோட இல்ல, உங்களோட போட்டி போட்டிருக்கேன்.” முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “எடுத்துக்கங்கம்மா. எனக்கு வேணாம்.”

“சும்மா வேணாங்க.”

“அப்ப உங்க மொத வெல என்ன? அஞ்சு வெள்ளிதானே? குடுங்க.”

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து வெள்ளியைக் கல்லாவில் வைத்தார். மிச்சத்தை முதலாளி கொடுத்தார். கடைக்காரர் வேண்டாமென்று ஒரு தடவைதான் சொன்னார், வியாபாரி அல்லவா.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. சைக்கிள் ஆஸ்டினுக்குள் ஏறவில்லை. கூரைமேல் கட்டக் கயிறு இல்லை. கயிறு வரும்வரை எல்லோரையும் சாப்பிடச் சொன்னார் கடைக்காரர். மீன் கறியை ஒரு வாய் வைத்த அக்கா, முகம் கோணாமல் விழுங்கிவிட்டு, “சமையல் யாருங்க?” என்று கேட்டார்.

“நான்தான். ஏன், நல்லால்லையா?”

“நல்லாருக்கு. புளிய மட்டும் எதுக்கு இவ்வளவு கோவமா போட்டிருக்கீங்க?”

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். துரை வீட்டில் என்னென்ன சமைத்தீர்கள் என்று அவர் கேட்க, அக்கா விரல்விட்டுச் சொன்னார்: சிக்கன் சாப், ஆட்டிறைச்சி பை, முட்டை புடிங், ஞாயிற்றுக்கிழமைகளில் துரைக்குப் பிடித்த கோழிக் கறி. கடைக்காரர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் அந்த அடுப்படி அக்காவின் அடுப்படி ஆனது. சைக்கிளும் அவரோடு அங்கேயே நின்றது, சுவரில் அல்ல, தரையில். கடைக்கு ஐஸ் கட்டி ஏற்றிவர அதைத்தான் எடுத்தார்கள். வருகிற வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டேதான் வரும், ரோட்டில் கோழிகள் அவ்வளவு.

என் வேலை போகவில்லை. ஆனால் முதலாளி ஒரு கட்டளை போட்டார்: “கண்ணால பாத்தது, கையால தொட்டது, அத மட்டும் அடி.” அடுத்த வருடம் ஒருவர் கெரிஸ் என்கிற மலாய்க் குத்துவாள் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே காவல் ஆவி இருப்பதாகவும், அதைப் பட்டியலில் போட்டே ஆகவேண்டும் என்றும் நின்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். நான், “கெரிஸ், ஒன்று. கைப்பிடியில் விரிசல்” என்று அடித்துக் கொடுத்தேன். கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டு கெரிஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. மெய்யாக இருந்தால்தான் எனக்கு இன்னும் பயம். அதற்குள் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி விலை சொல்வது?

கிளேபாங் கடைக்குப் பேய் பார்க்க வந்த கூட்டம் மெல்லக் குறைந்து, சிக்கன் சாப் சாப்பிட வருகிற கூட்டம் கூடியது. பேய்க்கு வருகிறவன் ஒரு கோப்பியோடு இரண்டு மணி நேரம் உட்காருவான், இவர்கள் தின்றுவிட்டு எழுந்து போகிறார்கள் என்று கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமாகிச் சிரம்பான் போகும்வரை மாதம் ஒருமுறையாவது நான் பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு முறையும் வாக்கியம் தயார் செய்துகொண்டு போவேன். வாக்கியம் நன்றாக வந்துவிட்டால் அதன்மேலேயே சந்தேகம் வந்துவிடும், சொல்லாமலே திரும்புவேன். ஒருநாள் ஒன்றும் தயார் செய்யாமல் போய், அடுப்படி வாசலில் நின்று, “அக்கா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன்.

அவர் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போய் உக்காரு, தங்கச்சி. ஆறிப்போனா இது நல்லாருக்காது” என்றார். அன்று என் தட்டில் உருளைக்கிழங்கு எல்லோருக்கும் போட்டதைவிட இரண்டு துண்டு அதிகம்.